கழுதை உட்காராத மேஜை

அந்த அலுவலகத்தில் ஒரு கழுதை இருந்தது. துணியில் தைத்து உள்ளே பஞ்சு அடைத்த கழுதை. ஒரு காது பிய்ந்துபோய் ஊக்கு குத்தியிருப்பார்கள். யார் எழுதிய புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடுகிறதோ, அவர் மேஜையில் கழுதை வந்து உட்காரும். அடுத்த ஆள் சிக்கும் வரைக்கும் நகராது. அது இடம் மாறுகிற அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று கை தட்ட வேண்டும் என்று சட்டம். சட்டம் போட்ட மேனேஜர் அதை விளையாட்டு என்பார். கழுதையோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தியவர்களைக் கேட்டால்தான் அது எவ்வளவு பெரிய விளையாட்டு என்று தெரியும்.

முந்திரியின் மேஜைக்கு அது ஒரே ஒரு தடவைதான் வந்தது. முந்திரி என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வாள். வேலையைக் கொடுப்பதற்குள் முடித்துவிட்டேன் என்பாள். முந்திரிக்கொட்டை என்று ஆரம்பித்தார்கள், நாளாக ஆகக் கொட்டை உதிர்ந்து முந்திரி நின்றுவிட்டது. கெட்டிக்காரிதான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கெட்டிக்காரத்தனத்துக்கு இரண்டு பங்கு ரோஷமும் அவளுக்கு உண்டு.

அவர்கள் எழுதுவது ஆஸ்பத்திரிகளுக்கான புரோகிராம். வார்டில் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு சின்ன பம்ப் நிற்கும். நோயாளியின் ரத்தக்குழாய்க்குள் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவது அதன் வேலை. எந்தப் பம்ப் எவ்வளவு தள்ள வேண்டும் என்று சொல்வது நர்ஸ் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது முந்திரியின் கைவேலை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் அது அடிக்கடி படுத்தது. திரை கறுத்துப்போகும், அரை நிமிடம் கழித்துத் தானாக எழுந்துகொள்ளும். பம்புகளுக்கு ஒரு குறையும் வராது. கம்ப்யூட்டர் பேசாவிட்டால் கடைசியாகச் சொன்ன அளவையே பிடித்துக்கொண்டு ஓடும்படிதான் அவற்றைச் செய்திருந்தார்கள். ஆனாலும் உயிரோடு விளையாடுகிற இடத்தில் திரை கறுத்தால் யாருக்குத்தான் பதறாது? புகார் வந்தது. பின்னாலேயே கழுதையும் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முந்திரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் படுத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரின் ஞாபகத்தை ஒரு பெரிய லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு அறை ஓர் எண் உண்டு. நோயாளி ஒருவர் வந்து சேர்ந்தால், புரோகிராம் வாட்ச்மேனிடம் கேட்டு ஓர் அறை வாங்கி, அவர் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் அதில் வைக்கும். அவர் போனதும் அறையை வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்துவிடும். இதற்குள் புரோகிராமின் ஆள் யாராவது பழைய அறை எண்ணைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அறை கைமாறியது தெரியாமல் போய்க் கதவைத் தள்ளினால் வாட்ச்மேன் விடுவானா? ‘யாருய்யா நீ, உன் அறையா இது?’ என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான். அந்த ஒரு ஆளோடு விடமாட்டான், புரோகிராமையே கூண்டோடு வெளியேற்றுவான். கிராஷ் ஆகிவிட்டது என்று நாம் தலையில் அடித்துக்கொள்வது இதைத்தான்.

முந்திரி ஒரே நாளில் வழி கண்டுபிடித்தாள். அறையைத் திருப்பிக் கொடுத்தால்தானே வாட்ச்மேன் குறுக்கே வருவான்? கொடுக்காதே. காலியான அறைகளையெல்லாம் நாமே கையில் வைத்துக்கொள், அடுத்த நோயாளி வந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடு. எல்லா அறையும் நம்முடையது என்றால் யார் எந்தக் கதவைத் தள்ளினாலும் வாட்ச்மேனுக்கு என்ன வந்தது? அப்படியே செய்தாள். புரோகிராம் படுப்பது நின்றுவிட்டது. மூன்றாம் நாள் வேறு யாரோ சிக்க, கழுதை அந்த மேஜைக்குப் போயிற்று. முந்திரி எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள்.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. எழுதியதைச் சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. எதையும் நம்பாததால் சந்தேகம் என்று பெயர்.

“நின்னுடுச்சு, சரி. ஆனா பழைய கதவைத் தள்ளினது யாரு?” என்று கேட்டாள்.

“யாரா இருந்தா என்ன? இப்பதான் படுக்கறதில்லையே.”

“படுக்கறதில்லைங்கறதுதான் எனக்கு பயமா இருக்கு.”

“உனக்கு எதுதான் பயமில்ல? குழாய்ல தண்ணி வந்தாலும் ஏன் வருதுன்னு கேப்ப,” என்றாள் முந்திரி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முந்திரியும் சிரித்தாள். ஆனால் புரோகிராமுக்குள் அந்த இடத்தில், ‘கதவைத் தள்ளுவது யார் என்று பிறகு பார்க்க வேண்டும்’ என்று ஒரு வரி குறித்து வைத்தாள். பிறகு என்றால் என்றைக்கு? அதை அவளும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று ஆறு மாதம் ஓடிவிட்டது.

முந்திரிக்கு ஓர் அக்கா. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். ஆள் குள்ளம், எடையும் ஒரு கைப்பிடிதான். சீட்டில் இரண்டு தலையணை போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். அந்த அக்காவுக்குப் பித்தப்பையில் கல். காலையில் ஆபரேஷன் முடிந்து, பதினொன்றரை மணிக்கு வார்டுக்குக் கொண்டு வந்து ஏழாம் நம்பர் கட்டிலில் போட்டார்கள். முந்திரி அலுவலகத்தில் சொல்லிவிட்டு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தாள்.

அக்கா பாதி மயக்கத்தில் கிடந்தாள். அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூக்கத்தில் சாமியாடிக்கொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் பம்ப், அதன் முகத்தில் பச்சையாக ‘2’. வலி மருந்து, மணிக்கு இரண்டு மில்லி. பம்பின் மூடிக்குப் பூட்டு உண்டு. வருகிறவர் போகிறவர் கை வைத்துவிடக்கூடாதே.

“வந்துட்டியாடி?” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் திரும்ப முயன்று, வலி இழுக்கவே பாதியில் நின்று, “இவதாங்க என் தங்கச்சி. இந்த மெஷினுக்கெல்லாம் இவதான் எழுதினா. நிக்கவே நிக்காதாம்,” என்றாள்.

“சும்மா கிடக்கா,” என்றாள் முந்திரி. உள்ளுக்குள் குளிர்ந்துபோனதை மறைக்க முடியவில்லை. அந்தக் குளிர்ச்சியோடுதான் எழுந்து நர்ஸ் மேஜைப் பக்கம் போனாள். தன் பிள்ளை வேலை பார்க்கிற இடத்தை எட்டிப் பார்க்கிற தாய்க்கு இருக்கிற ஆசைதான், வேறென்ன.

திரையில் பதினோரு கட்டில்களும் வரிசையாக இருந்தன. நர்ஸ் ஒருத்தி வெள்ளைப் பிளாஸ்டரைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, பேனாவால் எண் எழுதிக்கொண்டிருந்தாள். வாயாடி நர்ஸ்.

“இது எதுக்கு சிஸ்டர்?” என்று கேட்டாள் முந்திரி.

“ஒவ்வொரு பம்ப் மேலயும் டாக்டர் சொன்ன அளவை எழுதி ஒட்டிடுவோம். திரையை மட்டும் நம்பிட்டு இருக்க முடியுமா? ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பம்ப்ல அளவு தானா ஏறிப்போச்சு.”

“தானா எல்லாம் ஏறாது சிஸ்டர். யாராவது தெரியாம அழுத்தியிருப்பாங்க.” பதில் வழக்கம்போலக் கேள்விக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

“அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. புதுசா வேலைக்கு வந்த பொண்ணு ஒண்ணு, அவதான் அழுத்திட்டான்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க,” என்று நர்ஸ் பிளாஸ்டரைக் கத்தரித்தாள். “அதுக்கப்புறம்தான் இந்த ஒட்டற வேலை. உங்க அக்காவோடது இன்னும் ஒட்டல, இதோ. அந்தக் கட்டில்ல காலையில வரைக்கும் ஒரு லாரி டிரைவர் இருந்தார். கால் நசுங்கிப்போய், பாவம், ஆள் யானை மாதிரி இருப்பார். எவ்வளவு மருந்து கொடுத்தாலும் வலின்னு கத்துவார். நாலு மணிக்கு அளவை ஒம்பதா ஏத்தணும்னு காலையிலயே கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சோம். பதினோரு மணிக்கு திடீர்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க.”

முந்திரி சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

நாலு மணிக்கு ஏற்ற வேண்டும் என்று போட்டு வைத்தது. ஆள் போனபின் அது என்ன ஆயிற்று? கட்டிலைக் காலி செய்தால் அறை காலியாகும். நேரம் வந்ததும் மணியடிக்கிற பகுதி புரோகிராமில் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் சட்டைப்பையில் ஒரு சீட்டு. சீட்டில் லாரி டிரைவரின் அறை எண். அதைக் கிழித்துப் போடச் சொல்லி அவள் எழுதினாளா? யோசித்தாள். எழுதவில்லை.

ஆறு மாதமாகத் தேடாத ஆள் அகப்பட்டுவிட்டான். பழைய கதவைத் தள்ளியது அவன்தான். நோயாளிகள் பெரும்பாலும் மருந்தெல்லாம் நின்ற பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள், சீட்டும் மிச்சம் இருக்காது. எப்போதாவது ஒருவர் அவசரமாகப் போனால்தான் சீட்டு தங்கிப்போகும். முன்பெல்லாம் அந்தச் சீட்டைக் கொண்டு போனால் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டான், திரை கறுத்தது, அதோடு போயிற்று. இப்போது வாட்ச்மேனுக்குத்தான் வேலை இல்லையே. கதவு திறக்கும். உள்ளே யார் படுத்திருக்கிறார்களோ அவர்கள் தலையில் ஒன்பது எழுதப்படும்.

உள்ளே படுத்திருப்பது யார்? அதுவும் அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. கடைசியாகக் காலியான அறையை முதலில் எடுத்துக் கொடு என்று எழுதியதும் அவள்தான். கழுவி அடுக்கிய தட்டுகளில் மேலே இருப்பதை எடுப்பது போலச் சுலபம் என்று எழுதினாள். பதினோரு மணிக்குக் காலியான அறை, பதினொன்றரைக்கு வந்த ஆளுக்கு. யானை மாதிரி ஆளுக்குச் சொன்ன மருந்து, தலையணை போட்டு பஸ் ஓட்டுகிறவளுக்கு. அளவு கூடினால் அந்த மருந்து மூச்சு விடுவதையே மறக்கடித்துவிடும் என்பது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம்.

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

முந்திரி நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

“சிஸ்டர்,” என்றாள். “ஏழாம் நம்பர் பம்பை நிறுத்துங்க. இப்பவே.”

“எதுக்கும்மா? வலியில துடிப்பாங்களே.”

“பரவாயில்ல. துடிக்கட்டும். நிறுத்துங்க.”

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பம்ப் சாவி பெரிய சிஸ்டர்கிட்ட இருக்கு. அவங்க அஞ்சாவது மாடில மீட்டிங்ல இருக்காங்க. டாக்டர் சொல்லாம நான் எதையும் நிறுத்த முடியாது. உங்களுக்கு என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?”

“போன் பண்ணுங்க சிஸ்டர், கும்பிடறேன்.”

நர்ஸ் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். இரண்டாம் நம்பர் கட்டிலில் யாரோ கூப்பிட, “இதோ வர்றேன்” என்று போய்விட்டாள்.

முந்திரி அத்தானை உலுக்கி எழுப்பினாள். “அத்தான், இந்த நம்பரையே பாத்துட்டு இருங்க. ரெண்டு மாறிச்சுன்னா கத்துங்க. வார்டே கேக்கற மாதிரி கத்துங்க.” அவர் தூக்கக் கண்ணோடு திருதிருவென்று விழித்தார். அக்கா வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பு மேலே போய்க் கீழே வந்தது. முந்திரி அதை ஒருமுறை பார்த்தாள். இன்னொரு முறை பார்க்கத் தைரியம் இல்லை.

மேனேஜருக்குப் போன் போட்டாள். சொல்லிமுடிப்பதற்குள் அவள் குரல் மூன்று இடத்தில் உடைந்தது.

“உனக்கு உறுதியாத் தெரியுமா?” என்றார்.

“தெரியும் சார்.”

“நீ பதட்டத்துல இருக்க. அங்க யார்கிட்டயும் ஒண்ணும் வாயைத் திறக்காத. நாப்பத்தோரு ஆஸ்பத்திரில ஓடுது, புரியுதா? நான் ஆளை அனுப்பறேன். அரை மணி நேரத்துல வந்துடுவாங்க.”

“பன்னெண்டு நிமிஷம்தான் சார் இருக்கு.”

“அதான் ஆளை அனுப்பறேன்னு சொல்றேனே.”

போனை வைத்தாள். அடுத்து சந்தேகத்தைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள். முந்திரி அவசரமாக விஷயத்தைச் சொல்ல, அந்தப் பக்கம் சிரிப்பும் இல்லை, நான் அப்பவே சொன்னேனே என்ற பேச்சும் இல்லை. “சோதனை பம்ப்ல போட்டுப் பாக்கறேன். நீ போனை வை, அக்காவைப் பாரு,” என்றாள். அவ்வளவுதான்.

மூன்று ஐம்பத்திரண்டு. மனிதர்கள் பயத்தில் எவ்வளவு அற்பமாக யோசிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த நேரத்திலும் முந்திரியின் மனத்தில் ஓர் ஓரமாக ஒரு கணக்கு ஓடியது. எப்படியாவது அக்காவை மட்டும் தப்பிக்க வைத்துவிட்டால் போதும். ராத்திரியோடு ராத்திரியாகச் சீட்டைக் கிழிக்கிற வரியை எழுதிவிடலாம், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். நாற்பத்தோரு இடத்திலும் யாருக்கும் தெரியாது. இப்படி நினைத்தவுடனே அவளுக்கே தன்னைப் பார்த்துக் குமட்டியது.

நர்ஸ் இன்னும் இரண்டாம் நம்பரிடம் இருந்தாள். மேஜையில் திரை, கீழே தரையோடு கம்ப்யூட்டர் பெட்டி. திரையில் லாரி டிரைவரின் பெயரே இல்லை, அந்த ஒன்பதை அங்கே தேடி அழிக்கவும் வழியில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் இந்தத் திரை கறுத்ததற்காகச் சோறு இறங்காமல் கிடந்தவள், இப்போது அதன் எதிரில் நின்று, படுத்துத் தொலையேன், ஒரே ஒரு தடவை படுத்துத் தொலையேன் என்று கெஞ்சினாள். படுக்குமா? அதைப் படுக்கவிடாமல் செய்ததே அவள்தானே. பச்சைப் பசேலென்று பதினோரு கட்டிலையும் காட்டிக்கொண்டு நின்றது.

மூன்று ஐம்பத்தாறு. முந்திரி மேஜைக்கு அடியில் குனிந்து, பெட்டியின் பின்பக்கத்துக்குக் கையை விட்டு, அகப்பட்ட தடித்த ஒயரைப் பிடுங்கினாள். முதலில் வரவில்லை. காலை உதைத்து இழுத்தாள். வந்தது. திரை கறுத்தது.

“ஐயோ, என்ன பண்றீங்க!” என்று நர்ஸ் ஓடிவந்தாள். இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வாசலில் இருந்த காவலாளி ஓடிவந்து தோளைப் பிடித்தான். முந்திரி ஒயரை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாலு மணி ஆகட்டும்,” என்றாள். “நாலு மணி ஆனதும் தர்றேன். போலீசைக் கூப்பிட்டாலும் சரி. பம்பெல்லாம் ஓடும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம். அத்தான், நம்பரைப் பாருங்க! நம்பர் என்ன?”

“ரெண்டு!” என்று அத்தான் கத்தினார். என்ன நடக்கிறதென்று அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும் வார்டே கேட்கிற மாதிரி கத்தினார். “ரெண்டுதான்!”

“இப்ப?”

“ரெண்டு!”

கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டு, தாண்டியது. “ரெண்டு,” என்றார் அத்தான். நாலு மணி இரண்டு நிமிடம். “ரெண்டுதான்டா சாமி.” முந்திரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காவலாளி தோளை விட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

பெரிய சிஸ்டர் லிஃப்டிலிருந்து இறங்கி வரும்போது மணி நாலு பத்து. ஐம்பது வயசிருக்கும், சிரித்து யாரும் பார்க்காத முகம். “யார் இவ? எந்த ஊர் நியாயம் இது?” என்று ஆரம்பித்தவள், முந்திரி சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லாட்ஜ், அறை, சீட்டு, வாட்ச்மேன் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“இப்படித்தான் ஆகியிருக்கும்னு நீ சொல்ற. நான் எப்படி நம்பறது?”

பதில் சொல்வதற்குள் முந்திரியின் போன் அடித்தது. சந்தேகம். முந்திரி ஒலியைப் பெரிதாக வைத்தாள்.

“நீ சொன்ன மாதிரியே செஞ்சேன்,” என்றாள் சந்தேகம். அவள் குரல் கூட ஒரு மாதிரி இருந்தது. “ஒரு ஆளைச் சேத்தேன், அளவை ஏத்தறதுக்கு நேரம் போட்டேன், ஆளை அனுப்பினேன், அடுத்த ஆளைச் சேத்தேன். நேரம் வந்ததும் ரெண்டுலேர்ந்து ஒம்பது. திரையில ஒரு எச்சரிக்கை கூட வரல. மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் ஏறிடுச்சு. நாப்பத்தோரு இடத்துக்கும் போன் போட ஆரம்பிச்சுட்டேன், கம்ப்யூட்டரை நிறுத்தி பம்பைக் கையால பாத்துக்கச் சொல்லி. மேனேஜர் கத்தறார். கத்தட்டும்.”

பெரிய சிஸ்டர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து வாயாடி நர்ஸிடம் கொடுத்து, “எல்லாப் பம்பையும் கையில மாத்து. ஒவ்வொண்ணா. ஏழாம் நம்பரை முதல்ல பாரு,” என்றாள். பிறகு தன் மேஜை டிராயரைத் திறந்து வெகுநேரம் துழாவி, ஒரு சின்னக் கவரை எடுத்தாள். அதற்குள் ஒரு பேப்பர் துண்டு.

“நாலாம் நம்பர் கட்டில். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி,” என்றாள். “ஒரு டீச்சரம்மா. ரெண்டுல போக வேண்டிய மருந்து எட்டுல போயிருந்தது. யாரும் பாக்கல. டியூட்டில இருந்தது அந்தப் புதுப் பொண்ணு. நான் தொடவே இல்ல சிஸ்டர், தொடவே இல்லன்னு காலைப் பிடிச்சு அழுதா. மெஷின் பொய் சொல்லாதுடி, நீதான் பொய் சொல்றன்னு சொன்னேன். அவதான் அழுத்தினான்னு என் கையால எழுதிக் கொடுத்தேன். இதுதான் அதோட நகல்.”

“அந்த டீச்சரம்மா?” என்று கேட்டாள் முந்திரி. கேட்டிருக்கவே வேண்டாம். முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

“மூணு நாள் இருந்தாங்க.”

சற்று முன்னால் போன பயம் திரும்பி வந்தது. வந்தது வேறு பயம். நாலு மணிக்கு முடிந்துபோன பயத்துக்கு ஒரு கடிகாரம் இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. அந்த ஒரு கட்டில் மட்டும்தானா? ஆறு மாதம், நாற்பத்தோரு ஆஸ்பத்திரி. யாருடைய அக்கா, யாருடைய அப்பா? ஒவ்வொரு இடத்திலும் ஒருத்தி காலைப் பிடித்து அழுதிருப்பாளோ? தெரியாது. திரை கறுத்திருந்தால் தெரிந்திருக்கும். கழுதைக்குப் பயந்து அதைக் கறுக்கவிடாமல் பண்ணியாயிற்று.

கட்டிலில் அக்கா விழித்துக்கொண்டாள். “என்னடி சத்தம்? மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” என்றாள். முந்திரி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அந்த மெஷின் நின்னுபோச்சாமே, உங்க அத்தான் சொல்றாரு,” என்றாள் அக்கா.

“நான்தான்கா நிறுத்தினேன்.”

“நீயா? எதுக்கு?”

“அப்புறம் சொல்றேன். எல்லாம் சொல்றேன். நீ தூங்கு.”

திரும்பி வந்து பெரிய சிஸ்டரின் எதிரில் நின்றாள். “அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?”

“எங்கயும் நர்ஸ் வேலைக்கு எடுக்கல. என் கையெழுத்து அப்படி. ஏதோ துணிக்கடையில நிக்கறான்னு கேள்வி.”

“நம்பர் இருக்கா?”

பெரிய சிஸ்டர் தன் போனிலேயே எண்ணைத் தேடி அழுத்தி நீட்டினாள். முந்திரி வாங்கிக் காதில் வைத்தாள். மணி அடித்தது. எடுக்காமல் இருந்துவிடக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள். எடுத்துவிட்டார்கள். துணிக்கடைச் சத்தம், யாரோ பேரம் பேசுவது, அதற்கு மேலே சின்னக் குரல், பெரிய சிஸ்டரின் எண்ணைப் பார்த்துப் பயந்துபோன குரல்.

“சிஸ்டர்? சொல்லுங்க சிஸ்டர்.”

“சிஸ்டர் இல்லம்மா,” என்றாள் முந்திரி. “நீ அந்தப் பம்பைத் தொடல. எனக்குத் தெரியும்.”

கடைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “நீங்க யாரு?” என்று கேட்டது குரல்.

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிப் பழகியவளுக்கு அந்த ஒரு கேள்விக்கு வாய் வர வெகுநேரம் ஆயிற்று.

“தொட்டது நான்தான்மா,” என்றாள்.